சாலை வரை கேட்ட பாடம்

சாத்தப்பன் பாடம் நடத்தினால் மலையடிவாரத்துச் சாலை வரை கேட்கும். அவர் ஒரு வரி சொல்வார். முப்பத்துநான்கு பிள்ளைகளும் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார்கள். வழிப்போக்கர்கள் நின்று கேட்டு, "பள்ளிக்கூடம்னா இதுதான்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. யாருக்குத்தான் ஏறாது?

ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக ஒரு பள்ளி திறந்திருந்தார்கள். அதற்குத் தலைமை ஏற்க யாரை அனுப்புவது என்பதை, இங்கே ஆறு அறைகளிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பதைக் கேட்ட பிறகு சொல்வதாக இந்தப் பள்ளியின் தலைமையாசிரியரும் அவருடைய குருவுமான தவமணி அம்மையார் அறிவித்திருந்தார். சாத்தப்பன் மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டார்.

ஒன்பது நாள் அம்மையார் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். நடத்திய பாடத்தில் ஒரு பக்கம். யாரும் பார்த்திராத புதுப் பக்கம் ஒன்று. கடகடவென்று வாசித்த பிள்ளைக்கு ஒரு புன்னகை, திணறிய பிள்ளைக்கும் அதே புன்னகை. மதிப்பெண் போடவில்லை. யார் எந்த வரியில் தடைப்பட்டு நின்றார்கள் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். இருநூறு பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவர் அவசரப்படுத்தவில்லை.

பத்தாம் நாள் சாத்தப்பன் போய் நின்றார்.

"எந்த அறைம்மா முதல்ல வந்துருக்கு?"

அம்மையார் நோட்டில் அவருடைய அறைக்கான பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

"நீயே வாய்விட்டு வாசி."

சாத்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"பழைய பாடம். முப்பத்துநாலு பேரும் பிழையில்லாமல் சொன்னார்கள். முப்பத்துநாலு பேரும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் தொண்டையைச் செருமினார்கள்."

அடுத்த வரியைக் கண்ணாலேயே படித்தார். புதுப் பக்கத்தில் முப்பத்தொரு பேர் முதல் வரியைத் தாண்டவில்லை.

நோட்டை மூடாமலே நிமிர்ந்தார்.

"அதுங்க புத்தகத்தையே பாக்கலம்மா. இத்தனை நாளா என் வாயத்தான் பாத்திருக்குங்க."

அம்மையாரும் ஓர் அறைக்குப் பாடம் நடத்துகிறவர்தான். நோட்டை வாங்கி, தம்முடைய அறையின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே இருபத்தாறு பேர், பழைய பாடத்தின் கடைசி வரியை அப்படியே விட்டிருந்தார்கள்.

"எனக்குக் கண்ணு மங்கிடுச்சு போல. அடிவரி தெரியாமலே பாடம் நடத்திட்டு வந்திருக்கேன். இந்தப் பிள்ளைங்க வாசிச்சுத்தான் எனக்கே தெரியுது. கண்ணாடி போடணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரை எத்தனையோ வருடமாக வணங்கி வந்தவர் சாத்தப்பன். அன்றைக்கு அவர் மனசில் எழுந்த மரியாதை அதுவரை வந்ததே இல்லை.

"அக்கரைக்கு வேற யாரையாவது அனுப்புங்கம்மா. முப்பத்தொரு பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியல. அதுங்கள விட்டுட்டு நான் எங்க போறது?"

"அதுங்க வாசிக்கட்டும். அதுவரைக்கும் அக்கரைக்கு நானே தினம் போய்ட்டு வர்றேன். அப்புறம் நீதான் போகணும்."

"இதுக்கப்புறமும் நானாம்மா?"

"சத்தமாச் சொல்லிக்கொடுக்க அங்க ஆள் இருக்கு, சாத்தப்பா. தன் சத்தத்தைத் தானே கேட்ட ஆள்தான் இல்ல."