மோவாய்க் குழி

நாவிதன் காத்தமுத்து ஜமீன்தாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, புதிதாக வந்த முகலட்சணப் பண்டிதர் தன் நெஞ்சு வரை தொங்கிய தாடியைத் தடவிக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மோவாயில் குழி விழுந்தவன் துரோகி. இவன் கத்தியைக் கழுத்துக்கிட்ட விடாதீங்க."

காத்தமுத்துவின் மோவாய்க் குழியில் ஒரு மிளகை ஒளித்து வைக்கலாம். ஜமீன்தார் பாதிச் சவரத்தோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

"பண்டிதர் சொன்னா சரிதானுங்க எசமான்," என்றான் காத்தமுத்து. "கத்தியை வச்சுட்டுப் போயிடறேன். ஆனா தாடிக்குள்ள குழியை மறைச்சுக்கிட்டு எத்தனை துரோகி உங்க பக்கத்துல இருக்கானோ. போறதுக்குள்ள எல்லாத் தாடியையும் வழிச்சுக் காட்டிடறேன். ஐயாகிட்டயே ஆரம்பிக்கலாமுங்களா?"

பண்டிதர் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டார். "சிலருக்கு அந்தக் குழி ராஜயோகமும் தரும்," என்றார்.

ஜமீன்தார் மீதிக் கன்னத்தைக் காத்தமுத்துவிடம் நீட்டினார்.