மூன்றாவது ஊஞ்சல்

"நாலு வருசமா ஒரே எடத்துல விழுதேன் தம்பி. ஒரு வழி சொல்லு" என்றாள் பேச்சித்தாய்.

நவ்ஷாத் ஊஞ்சல் சங்கிலியின் கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

பேச்சித்தாய் தூத்துக்குடியில் போக்குவரத்துக் காவலர். டிவியில் வருகிற தடைதாண்டும் போட்டிக்கு நான்கு முறை வந்து நான்கு முறையும் தண்ணீரில் விழுந்தவள். ஒரு பெரிய தொட்டிக்கு மேலே மூன்று ஊஞ்சல்கள் தொங்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். இரண்டாவது வரைக்கும் புலி மாதிரி போவாள். அப்புறம் அவளுக்கு என்னமோ ஆகிவிடும்.

சேனல்காரர்களுக்கு அவள் விழுவது கொண்டாட்டம். மேளச் சத்தத்தோடு மூன்று தடவை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள்.

"சிக்னல்ல நிக்கவன் எல்லாம் கேக்கான், அக்கா இந்த வருசமாவது உண்டான்னு. பாசமாத்தான் கேக்கான். அதான் தாங்க முடியல."

நாற்பது வயதாகிவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது. மூன்று ஊஞ்சலையும் தாண்டினால் வரும் கடைசி மேடையில் இருக்கும் சிவப்புப் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

அன்று போட்டிக்காரர்கள் வந்து பழகிப் பார்க்கும் நாள். மற்றவர்கள் பழகிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நவ்ஷாத்தைக் கேட்டால் சொல்லுவான் என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள். ராயபுரத்துப் பையன், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆனாலும் குரு குருதானே. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ இத எப்படித் தம்பி தாண்டுத?"

"நான் எங்கக்கா தாண்டுறேன்? ஷூட்டிங்குக்கு முன்னாடி எல்லாத்துலேருந்தும் விழுந்து பாப்பேன். அடி படலன்னா டிக் போடுவேன். அதான் என் வேலை."

பேச்சித்தாய்க்குச் சுருக்கென்றது.

"விழுததுக்கு எனக்குப் பாடம் வேணுமாக்கும்? நான் விழுதத ஊரே பாத்திருக்கு."

"தண்ணி எவ்ளோ ஆழம்க்கா?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"தெரியல. விழும்போது கண்ண மூடிக்கிடுவேன். ஏறுனதும் துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு ஓடிருவேன்."

நவ்ஷாத் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

"காலையிலேருந்து விழுந்து விழுந்து தோள் வலிக்குதுக்கா. இந்த ஊஞ்சலெல்லாம் இன்னும் பாக்கி. எனக்குப் பதிலா நீங்க விழுந்து குடுங்க."

வழி கேட்கப் போன இடத்தில் வேலை வைக்கிறானே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் ஏறினாள்.

முதல் ஊஞ்சலைப் பிடித்துத் தொங்கி, கண்ணை இறுக்கி மூடி, விட்டாள். தொப்பென்று ஒரு சத்தம்.

"கண்ண மூடிட்டா எப்படிக்கா? சங்கிலி முறுக்குதான்னு பாத்துச் சொல்லணும். மறுபடி."

மறுபடி விழுந்தாள். கண் திறந்திருந்தது.

"முறுக்கல" என்றாள்.

டிக்.

"ரெண்டாவது."

இரண்டாவதிலிருந்து மூன்று தடவை விழுந்தாள். ஒரு தடவை மல்லாக்க. ஒரு தடவை பக்கவாட்டில். தரையில் காலூன்றி நின்றபோது தண்ணீர் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. நான்கு வருடமாகக் கனவில் வந்து பயமுறுத்திய தண்ணீர். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"இதுக்கா நான் இத்தன வருசம் செத்தேன்?"

நவ்ஷாத் அதைக் காதில் வாங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னான்.

"மூணாவதுல நட்டு புதுசு. அதுலேருந்து விழுந்து பாருங்க. லூசா இருந்தா சொல்லுங்க. நாளைக்கு யாராவது அடிபட்டா எனக்குத்தான் பேச்சு விழும்."

பேச்சித்தாய்க்கு அந்த நட்டைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. பையனுக்குப் பேச்சு விழக்கூடாதே.

ஏறினாள். முதல் ஊஞ்சல். இரண்டாவது. கண் முழுக்க நட்டின் மேல் இருந்தது. தாவினாள். பிடித்தாள். தொங்கியபடியே இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. கையை விட்டாள்.

தொப்.

"நல்லாத்தான் முடுக்கியிருக்க. அசையல" என்று சொல்லிக்கொண்டே கரைக்கு நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள்.

திரும்பி மேலே பார்த்தாள். மூன்றாவது ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"நான் இப்ப எதுலருந்து விழுந்தேன்?"

"மூணாவதுலேருந்து" என்றான் நவ்ஷாத், டிக் போட்டபடி.

 முகத்தில் வழிந்தது தொட்டித் தண்ணீரா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. கரையில் கிடந்த துண்டுக்காகக் கையை நீட்டினாள்.

நவ்ஷாத் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

"துவட்ட வேணாம்க்கா. இன்னும் ஒண்ணு இருக்கு. கடைசி மேடை, பட்டன் இருக்குற எடம். அங்கேருந்து விழணும்."