தகர டப்பாவின் சிணுங்கல்

ஓசூரில் பொம்மை ரோபோ செய்யும் கம்பெனி ஒன்று. ரோபோக்களுக்குச் சத்தம் அமைப்பவள் செண்பகம். ஒருநாள் முதலாளி தணிகாசலம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரோபோவைக் காட்டி எல்லார் முன்னாலும் எகிறினார்.

"தகர டப்பாவுக்குச் சத்தம் போட ஒரு ஆளா? இதுமேல எனக்கு இரக்கம் வர வை, பார்ப்போம். பேச்சு, பாட்டு கூடாது. வரலேன்னா உன் வேலை போச்சு!"

"சரிங்க சார். நீங்களே அதை ஆஃப் பண்ணுங்க."

பொத்தானைத் தொட்டார். ஆட்டிக்கொண்டிருந்த தூளி நின்றுவிட்டால் பாதித் தூக்கத்தில் பிள்ளை சிணுங்குமே, அப்படிச் சிணுங்கியது ரோபோ.

முதலாளியின் விரல் பின்வாங்கியது. "ஓ... ஓ... ஒண்ணுமில்லடா," என்று டப்பாவைத் தட்டிக்கொடுத்தார். கை நின்றால் அது சிணுங்கியது, மறுபடி தட்டினார். கூடமே வேடிக்கை பார்த்தது.

"சார், என் வேலை?" என்றாள் செண்பகம்.

"உஷ்! மெதுவா பேசும்மா, இப்பத்தான் கண்ணசருது. போய் உன் வேலையைப் பாரு!"