ஆடாத தலை

இசைக் கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு, யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்பவர் பேராசிரியர் ஆராவமுதன். கீர்த்தனை வரை தேறியவர்களைக்கூட ஆரம்பப் பாடமான சரளிவரிசை வகுப்புக்குத் தள்ளி, ஒரு வருஷத்தை வீணாக்கிவிடுவார்.

கோவில்பட்டி செண்பகவல்லியின் முறை வந்தது.

"என் தலையை ஆட வை, பார்ப்போம். ஆடினால் நேரே இரண்டாம் வருஷம். இல்லாவிட்டால் சரளிவரிசைதான். இதுவரை யாருக்கும் ஆடினதில்லை, தெரியுமா?"

"பிரின்சிபால் மேடம் முன்னாடி சொல்லிட்டீங்க சார். அப்புறம் மாத்தக் கூடாது."

பக்கத்தில் இருந்த முதல்வர் அம்மாள் சிரித்தார்.

அவள் கல்யாணி ராகம் பாடினாள். மிருதங்கம் வாசித்த சேவியரின் தலை ஆடியது. முதல்வரின் தலை ஆடியது. ஜன்னலில் எட்டிப்பார்த்த வாட்ச்மேன் தலைகூட ஆடியது. ஆராவமுதன் மட்டும் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று, கல்யாணியில் வரவே கூடாத சுத்த மத்திமத்தை எடுத்து ஆற அமர நீட்டினாள்.

"ஐயையோ! இல்லை, இல்லை!" அவர் தலை இடமும் வலமுமாகப் பறந்தது.

"ஆடிடுச்சு சார்."

"ஏம்மா, அது தப்புக்கு ஆடினது!"

"சரியாப் பாடினப்போ ஆடலையே சார். எதுக்கு ஆடுமோ அதைத்தானே பாடணும்?"

சேவியர் மிருதங்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதல்வர் சிரிப்பை அடக்கியபடி, "என்ன சார், இரண்டாம் வருஷம்தானே?" என்றார்.

முடியவே முடியாது என்று ஆராவமுதன் பலமாகத் தலையை ஆட்டினார்.

"மறுபடியும் ஆடுது மேடம்," என்றாள் செண்பகவல்லி. "மூணாம் வருஷமே போட்டுடுங்க!"