சாகும் நாள் கேட்ட விகடகவி

தொடர்ந்து ஆறு ஆண்டுகள் நல்ல விளைச்சல் கண்ட ஒரு நாட்டில், அரசனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. குளத்தின் நடுவே இருந்த தன் மண்டபத்துக்குப் பொன் தகடு வேய வேண்டும்.

"முதியோர் களஞ்சியம் நிரம்பி வழிகிறது, மன்னா. மிகுதி நெல்லை விற்றால் மண்டபமும் முடியும், துறைத் தலைவர்களுக்கும் பங்கு கொடுக்கலாம்" என்றார் அமைச்சர் மாதவராயர்.

அந்தக் களஞ்சியம் அரசனுடையது அல்ல. பாகன் முதல் பாத்திரம் தேய்ப்பவள் வரை அரண்மனை வேலையாட்கள் எல்லோரும் மாதக் கூலியில் ஒரு மரக்கால் நெல்லை அதில் விட்டுவைத்தார்கள். அரண்மனையும் ஒரு மரக்கால் போட்டது. உடல் தளர்ந்தபின், சாகும்வரை அதிலிருந்து படி வாங்கிச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு.

"முதியவர்களுக்குக் குறை வராதா?" என்று அரசன் தயங்கினான்.

"ஒரு நெல்மணியும் குறையக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிடுவோம், மன்னா." அமைச்சரின் பார்வை விகடகவி குழைக்காதன் பக்கம் திரும்பியது. "அவர்கள் குழைக்காதரை நம்புவார்கள். அவரே மிகுதியை அளந்து நாளைக்குள் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

அரசன் அப்படியே ஆணை எழுதிக் கொடுத்தான். களஞ்சியத்து வாசலில் படி வாங்க வந்திருந்த பழைய பாகன் காளத்தியிடம் குழைக்காதன் விஷயத்தைச் சொன்னார். மதம் பிடித்த யானை தள்ளியதில் இடுப்பொடிந்த மனிதர் அவர்.

"நாப்பது வருசம் எங்க வாயக் கட்டிச் சேத்த நெல்லு சாமி. இது எப்படி மிகுதியாச்சு? நாங்க இன்னும் சாவலியே!"

குழைக்காதன் சட்டென்று நிமிர்ந்தார். "அதைத்தான் நாளைக்குச் சபையில் கேட்கப்போகிறேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

மறுநாள் நாற்பது முதியவர்கள் சபையில் வந்து நின்றார்கள். குழைக்காதன் ஓலையும் எழுத்தாணியுமாக அமைச்சர் முன் உட்கார்ந்தார்.

"மன்னா, ஆணைப்படி ஒரு நெல்மணியும் குறையக் கூடாது. கடைசி ஆள் கடைசிப் படியைச் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதுதான் மிகுதி. ஆகவே ஒவ்வொருவரும் சாகும் நாள் தெரிந்தாக வேண்டும். அமைச்சரே, காளத்தி என்றைக்குச் சாவார்?"

"எனக்கு எப்படி ஐயா தெரியும்?"

"தெரியாமலா மிகுதி என்றீர்?"

மாதவராயர் முகம் சிவந்தது. "தோராயமாக ஐந்து ஆண்டு என்று வையும்!"

குழைக்காதன் எழுதத் தொடங்கியதும் காளத்தி கைகூப்பினார். "சாமி, அஞ்சு வருசத்துல சாவலேன்னா அது ராசகுத்தமா?"

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை.

"குற்றமில்லை காளத்தி. மிகுதியில் பங்கு வாங்குகிறவர்கள் ஆறாம் ஆண்டிலிருந்து உமக்குச் சோறு போடுவார்கள்" என்ற குழைக்காதன் ஓலையை உயர்த்தினார். "களஞ்சியம் குறைந்தால் என் வீட்டு நெல்லைத் தருவேன், எனக்குப்பின் என் பிள்ளைகள் தருவார்கள் என்று இதில் கையெழுத்திடுங்கள். நெல்லை இப்போதே அளந்து தருகிறேன். அமைச்சரே, முதல் கையெழுத்து உம்முடையது!"

அமைச்சரின் கை சால்வைக்குள் போய்விட்டது. துறைத் தலைவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது, இன்னொருவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அடுத்தவன் சோறு என்றால் மிகுதி, உங்கள் சோறு என்றால் கை வரவில்லையா?" குழைக்காதன் ஓலையை அரசன் பக்கம் நீட்டினார். "மன்னா, கடைசிக் கையெழுத்து தங்களுடையது."

அரசன் ஓலையைப் பார்த்தான், தூணுக்குப் பின்னால் தெரிந்த தலைப்பாகையைப் பார்த்தான். அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தான். "நானும் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், குழைக்காதா!" என்று ஆணையைக் கிழித்தான். "உனக்கு நூறு பொன். இன்னும் என்ன வேண்டும்?"

"வழிகிற நெல்லும் இவர்களுடையதுதான், அதில் இவர்கள் படியைக் கூட்டுங்கள், மன்னா. களஞ்சியத்துக்கு இரண்டாம் பூட்டு ஒன்று போட்டு, அதன் சாவியை இவர்களிடமே கொடுங்கள்."

அன்று மாலையே பூட்டு வந்தது. சாவியை வாங்கிய காளத்தி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் குழைக்காதனைப் பார்த்துச் சிரித்தார்.