மகுடவர்மரின் வைக்கோல் அரக்கன்

மகுடவர்மர் ராஜாவுக்கு ஒரு மழைக்காலத்தில் வேட்டைக்குப் போக வழியில்லாமல் போனது. அரண்மனைக்குள்ளேயே அடைந்து கிடந்த மனுஷர் சும்மா இருப்பாரா? ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். சபை நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு வைக்கோல் அரக்கன். அதற்குத் தோல் கவசம். கோரைப்பல்லோடு முகம் எழுதியது சாட்சாத் ராஜாவேதான். பக்கத்தில் ஒரு சட்டியில் நூறு புளியங்கொட்டை. அதுதான் அரக்கனின் உயிர்.

ஆட்டம் சுலபம். கத்திக்கு ஐந்து பலம், வாளுக்குப் பன்னிரண்டு, கதாயுதத்துக்குப் பதினைந்து. ஒவ்வொரு அடியிலும் கவசம் பத்துப் பலத்தை விழுங்கிவிடும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவு கொட்டையை எடுக்கலாம். ஆளுக்கு மூன்று அடி. அதற்குள் சட்டி காலியாகாவிட்டால் ஜெயித்தது அரக்கன். கதாயுதத்தைத் தூக்கி மூச்சு முட்ட அடித்தவனுக்கும் மூன்று அடிக்கும் சேர்த்துப் பதினைந்து கொட்டைதான் தேறியது. ராஜாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

ஒரு சட்டத்தை மட்டும் பிற்பாடு சேர்த்தார். ஒருநாள் அவரே ஆசையாகக் கத்தியை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். கவசம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. ஒரு கொட்டைகூட வரவில்லை. சபையில் யாரோ கனைத்தார்கள். ராஜாவுக்கு முகம் சிவந்தது.

"நான் அடிச்ச அடி வீணாப் போறதாவது! இனிமே எவ்வளவு சொத்தையா இருந்தாலும் சரி, அரக்கன்மேல பட்டது ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொட்டையாவது எடுத்தாகணும்!" என்று அங்கேயே சட்டம் போட்டார்.

சபையில் உலகப்பன் என்று ஒரு வாய்த்துடுக்கு ஆசாமி இருந்தான். அவன் பேசினால்தான் ராஜாவுக்குச் சோறு இறங்கும். அவன் ஒருநாள், "மகாராஜா, எப்பப் பாத்தாலும் இவன்தான் ஜெயிக்கிறான். பேசாம இவனுக்கே பட்டம் கட்டிடலாமே?" என்று சொல்லிவிட்டான்.

ராஜா புருவத்தை நெரித்தார். தளபதி கோளரிக்கு உலகப்பனைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து எழுந்தார்.

"கேலி பண்றவர் நாளைக்கு ஆடி ஜெயிக்கட்டும். தோத்தா நாட்டை விட்டே போகட்டும். அரண்மனை ஆயுதம் வீரர்களுக்குத்தான். இவர் வீட்டிலேருந்து எதையாவது கொண்டு வரட்டும். வீட்டுச் சாமானுக்கு ஒரு பலம், போதும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா, இருந்த கோபத்தில்.

கோபம் எத்தனை நேரம் நிற்கும்? சாப்பிட உட்கார்ந்ததும் இறங்கிவிட்டது. கூடவே சோறும் தொண்டையில் நின்றது. நாளை முதல் எதிரில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? கோளரியா? அந்த மனுஷர் சிரித்தே யாரும் பார்த்ததில்லை. சபையில் கொடுத்த வாக்கை மாற்றவும் முடியாது. ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை உலகப்பன் பட்டுத்துணியில் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். இன்னொரு கையில் சுண்ணாம்புத் தண்ணீர்ச் சட்டி. துணியைப் பிரித்தான். உள்ளே ஒரு விளக்குமாறு. தென்னை ஈர்க்கில் கட்டியது, நல்ல புதுசு.

எப்போதும் சிரிக்காத கோளரியே சிரித்துவிட்டார். "அரக்கனைப் பெருக்கித் தள்ளப் போறீரோ?"

உலகப்பன் விளக்குமாற்றைச் சுண்ணாம்பில் முக்கினான். விரித்துப் பிடித்து அரக்கனின் நெஞ்சில் சப்பென்று ஒன்று வைத்தான்.

"பலம் ஒண்ணு. கொட்டையும் ஒண்ணு. எடுத்துக்கும்" என்றார் கோளரி.

"மகாராஜா கொஞ்சம் கிட்ட வந்து பாக்கணும்."

ராஜா இறங்கி வந்து பார்த்தார். கவசம் முழுக்க வெள்ளைக் கோடு. ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியே பட்டிருந்தது.

"பெரிசா ஒரு அடி அடிச்சா கவசம் பத்தை முழுங்கிடும். அதான் நம்ம வீரர்கள் தோத்தாங்க" என்றான் உலகப்பன். "நான் அடிச்சது சின்னச் சின்ன அடி, நிறைய அடி. கவசம் எல்லாத்தையும் முழுங்கத்தான் பாக்கும். ஆனா பட்டது ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொட்டைன்னு சட்டம் இருக்கே. போட்டது யாரு?"

போட்டவர் வாயைத் திறந்தார். இல்லையென்று சொன்னால் அன்றைக்குக் குத்திய குத்து வீணாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். தன் அரக்கன் தோற்கப் போகிறானே என்று ஒரு பக்கம் வயிறு எரிந்தது. உலகப்பன் இருப்பானே என்று இன்னொரு பக்கம் குளிர்ந்தது. குனிந்து கோட்டுக்கு ஒன்றாகத் தானே கொட்டையைப் பொறுக்கினார். கிட்டத்தட்டப் பாதிச் சட்டி காலி.

"அநியாயம்! விளக்குமாறு ஒரு ஆயுதமா?" என்று கத்தினார் கோளரி.

"அடுத்த அடிக்குத் தளபதி வந்து நிக்கட்டும். ஆயுதமா இல்லையான்னு அவரே சொல்லட்டும்."

கோளரி இரண்டடி பின்னால் போய்விட்டார். உலகப்பன் அரக்கனின் முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று வைத்தான். சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு கொட்டைகூட இல்லை.

"ஜெயிச்சுட்டேய்யா!" என்று ராஜா அவனைக் கட்டிக்கொண்டார். உடுத்திய பட்டெல்லாம் சுண்ணாம்பு. "என்ன வேணும், கேளு!"

"இந்த விளக்குமாறுதான் வேணும் மகாராஜா. வீட்டுக்காரிக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். இந்நேரம் வீடு பெருக்கத் தேடிக்கிட்டிருப்பா. நேரமாச்சுன்னா இதே ஆயுதம் என்மேல வரும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரக்கனோட கவசத்தைக் கழட்டி இவனுக்கு மாட்டுங்கய்யா!"

உலகப்பன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இந்த ஆயுதத்துக்கு அந்தக் கவசம் ஆகாதுன்னு இப்பத்தானே மகாராஜா நானே நிரூபிச்சேன்? ஒரு நல்ல குதிரையாக் குடுங்க!"