மட்டி வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் இரட்டை ஓட்டுக்குள் வாழும் ஆற்று மட்டிக்கும் பேச்சு இருந்தது, அந்தப் பேச்சுக்கு ஓய்வுதான் இல்லை. எருமை இறங்கினால் புலம்பும், துணி துவைத்தால் சண்டைக்கு வரும். எதற்கெடுத்தாலும் தண்ணீர் கெட்டுவிட்டது என்றே கத்தும். மீனும் கொக்கும் மனிதரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கரையில் மாசானம் என்று ஒரு மீன்காரன் இருந்தான். கோடையில் ஆறு வற்றி, மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது நஞ்சுக்காயை இடித்துக் கலக்கி மீனை மயக்கிப் பிடிப்பது அங்கே வழக்கம். புதுத் தண்ணீர் வரும்வரை அந்த மடுவில் யாரும் குடம் வைக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். மாசானம் அவசரக்காரன். மிதந்த மீனையெல்லாம் அள்ளினான். அடிமணல் தெரியும்படி தண்ணீர் தெளிந்ததும், இனி எடுக்கலாம் என்று மனைவி பேராச்சியிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான்.

வீட்டில் கைக்குழந்தை காய்ச்சலில் தவித்து அழுதது. பேராச்சி ஓடிவந்து குடத்தை அமிழ்த்தினாள். நஞ்சு கலக்கும்போதே கரையேறித் தப்பியிருந்த மட்டி, எடுக்காதே என்று அலறியது.

"நேத்து எருமைக்கும் இதத்தான சொன்ன?" என்றாள் அவள்.

மட்டிக்குச் சுருக்கென்றது. தன் வாயே தன் சொல்லைக் கெடுத்துவிட்டதே என்று அழுகை வந்தது. ஆனால் விடுவதாக இல்லை.

"என் பேச்ச நம்பாண்டாம் தாயி. என்னயப் பாரு."

சொல்லிவிட்டு மடுவில் இறங்கி ஒரு வாய்த் தண்ணீரை உள்ளே இழுத்தது. இரண்டு ஓடும் இறுக மூடிக்கொண்டன. பேராச்சி கூப்பிட்டாள், தட்டினாள், நகத்தால் நெம்பினாள். திறக்கவில்லை. குடத்தைக் கவிழ்த்தாள். மேல்பக்க மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொண்டுபோனாள். பிள்ளை பிழைத்தது.

மழை வந்து புதுவெள்ளம் மடுவைக் கழுவிய பிறகு மட்டி மெல்லத் திறந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. மாசானம் அதன்முன் தலைகுனிந்து நின்றான். திட்டுவதற்குக்கூட அதற்குக் குரல் இல்லை.

அன்று முதல்தான் மட்டி பேசாமல் மணலில் கிடக்கிறது, தண்ணீர் நன்றாயிருந்தால் திறந்தும் கெட்டால் மூடியும். அந்தக் கரைப் பெண்களும் தண்ணீரின் தெளிவை நம்புவதில்லை. மட்டியைப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை அமிழ்த்துகிறார்கள்.